ச்சு

கார் வாங்கும் விலையில் இரண்டு சிடி ப்ளேயர்கள். ஒரு வாரம் வீட்டில் வைத்துக் கேட்டுவிட்டு, பிடித்ததை வாங்கிக்கொள்ளுங்கள் என்று கடைக்காரர் கொடுத்தனுப்பியிருந்தார். ஞானசேகரன் இரண்டிலும் ஒரே சிடியைப் போட்டார். கல்யாணத்துக்கு முன்னால், இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து அவரே நேரில் கேட்ட வீணைக் கச்சேரி அது. கறுப்பு ப்ளேயரில் வீணை மட்டும் வீட்டுக்கு வந்தது. வெள்ளி ப்ளேயரில் மண்டபமே வந்துவிட்டது: மின்விசிறி, இருமல், தாளம் போடும் ஒரு கையின் கண்ணாடி வளையல். ஓரிடத்தில் அந்த வளையல் தாளம் தப்பி முந்திக்கொண்டது. உடனே யாரோ பொறுக்கமாட்டாமல் ‘ச்சு’ கொட்டினார்.

சமையலறையிலிருந்து கோமளா கரண்டியோடு ஓடிவந்தாள். “ஐயோ, அந்த வளையல் நான்தாங்க! எனக்கு முன்னால ஒரு சிடுமூஞ்சி, திரும்பிக்கூடப் பார்க்காம ‘ச்சு’ன்னான். மானமே போச்சு. அன்னிக்கு விட்டதுதான், அப்புறம் நான் தாளமே போட்டதில்லை. அவன் மட்டும் கையில கிடைச்சான்னா...”

ஞானசேகரனுக்குக் காது சுட்டது. “கறுப்பையே வாங்கிக்கலாம் கோமளா. இதுல ஒரே இரைச்சல்” என்று அவசரமாக நிறுத்தப் போனார். பதற்றத்தில் விரல் வேறு பொத்தானில் பட்டு, கச்சேரி முதலிலிருந்து ஆரம்பித்தது.

“ச்சு” என்றார்.

கரண்டி அந்தரத்தில் நின்றது. கோமளா அவரையே பார்த்தாள். பிறகு கரண்டியை ப்ளேயர் மேலேயே வைத்துவிட்டு, அவரை ஒட்டி உட்கார்ந்து, அவர் தொடையில் தாளம் போட ஆரம்பித்தாள், வேண்டுமென்றே முந்தி முந்தி.