வெண்டெலின் கராஜ்

"இது கராஜா, கப்பல் உடைக்கிற இடமா?" என்றாள் ரோண்டா.

கேட்டது வெண்டெலிடம்தான். ஆனால் தெரு முழுக்கக் காதில் விழும்படி கேட்டாள்.

வெண்டெல் டோனட்டை மென்றுகொண்டிருந்தார். வாய் நிறைய இருக்கும்போது பேசக் கூடாது என்பது நல்ல பழக்கம். அன்று அது அவருக்கு வசதியாகவும் இருந்தது.

ரோண்டா அந்தத் தெருவின் வீட்டுக்காரர்கள் சங்கத் தலைவி. அமெரிக்காவின் ஒஹையோவில் ஒரு சங்கத்துக்கு, வீட்டு வாசலில் புல் எவ்வளவு வளரலாம் என்று சொல்லவே அதிகாரம் உண்டு. கராஜ் எம்மாத்திரம்? மற்ற எல்லா வீட்டிலும் கார் கராஜுக்குள் நின்றது. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற வெண்டெலின் கார் மட்டும் மழையிலும் பனியிலும் வெளியே நின்றது. உள்ளே கூரையை முட்டும்வரை சாமான்.

சங்கம் சொல்லிப் பார்த்தது. கடைசியில் தீர்மானம் போட்டது. சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் கார் உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் லாரி வந்து இருப்பதையெல்லாம் அள்ளிக்கொண்டு போகும்.

எதிர்த்து ஒரு கைகூட உயரவில்லை. ஆனால், ஒழுங்குபடுத்த உதவிக்கு ஆள் வேண்டும் என்றதும் சனிக்கிழமை தெருவே திரண்டு வந்தது. ரோண்டாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

வாசலில் மூன்று தார்ப்பாய்களை விரித்தாள். "இது வெச்சுக்கறதுக்கு. இது யாருக்காவது குடுக்கறதுக்கு. இது குப்பைக்கு. ஒரு வருஷமா தொடாத பொருள் குப்பைக்குத்தான். அழக் கூடாது."

முதலில் வந்தது ஒரு டிரம்ஸ்.

"நீங்க வாசிப்பீங்களா வெண்டெல்?"

"கத்துக்கலாம்னு."

"இந்த வயசுலயா? குப்பை!"

"நல்ல டிரம்ஸாச்சே..." என்றான் எதிர்வீட்டு டேல்.

அவன் மனைவி மார்சி டிரம்ஸைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். "ஏன் டேல், நீ வித்துட்டேன்னு சொன்னியே, அது மாதிரியே இல்ல?"

"என்னுதும்மா," என்றார் வெண்டெல் அவசரமாக.

டிரம்ஸ் எப்படியோ 'வெச்சுக்கறது' பாய்க்குப் போய்ச் சேர்ந்தது.

அடுத்து ஒரு நீளமான பை. ரோண்டா ஜிப்பைத் திறந்தாள். உள்ளே வெள்ளைக் கல்யாண கவுன்.

"இதுவும் உங்களுதா?"

"ஆமா."

"போட்டுப் பார்த்தீங்களா?"

"இடுப்புல கொஞ்சம் பிடிக்குது."

தெரு விழுந்து விழுந்து சிரித்தது. மார்சி மட்டும் சிரிக்கவில்லை. பையை வாங்கி, ஜிப்பை மூடி, அலுங்காமல் முதல் பாயில் வைத்தாள்.

இப்படியே போனது. பாடம் செய்த மான் தலை, மீன்தொட்டி, உடற்பயிற்சி சைக்கிள். எதைத் தொட்டாலும் யாராவது ஒருவர் "ஐயோ, பாவம், இருக்கட்டுமே" என்றார்கள். முதல் பாய் நிரம்பி வழிந்தது. குப்பைப் பாயில் டோனட் பெட்டி மட்டும் கிடந்தது.

"உதவி பண்ண வந்தீங்களா, உபத்திரவம் பண்ண வந்தீங்களா?" ரோண்டா கத்தினாள். "சரி, பின்னாடி அலமாரியை யாரும் தொட வேண்டாம். அதை நானே பார்த்துக்கறேன்."

அதற்குள் அவள் கணவன் ஸ்டுவர்ட் ஏணியில் ஏறியிருந்தான். மனைவிக்கு ஒத்தாசை செய்கிற நல்ல மனிதன்.

"ஸ்டுவர்ட், இறங்கு!"

"ஒரே ஒரு பெட்டிதான்மா..." மூடியைத் திறந்தவன் அப்படியே நின்றான்.

பெட்டிக்குள் விளையாட்டு ரயில்கள். தண்டவாளம். கையால் வண்ணம் பூசிய ஒரு குட்டி ஸ்டேஷன்.

"இது என்னோடது."

"இல்ல ஸ்டுவர்ட், என்னுது," என்றார் வெண்டெல்.

"இந்த ஸ்டேஷனுக்கு நான்தான் பெயின்ட் அடிச்சேன்." ஸ்டுவர்ட் மனைவி பக்கம் திரும்பினான். "வீட்டை அடைக்குதுன்னு, குழந்தைங்க காப்பகத்துக்குக் குடுத்துட்டதாச் சொன்னியே?"

ரோண்டா ஏணிக் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"காப்பக வாசல் வரைக்கும் போனேன்," என்றாள் கடைசியில். "உள்ள போக மனசு வரல. திரும்ப வீட்டுக்குக் கொண்டு வந்தா நான் தோத்த மாதிரி ஆயிடும். அதான் வெண்டெல்கிட்ட..."

"எத்தனை ராத்திரி நான் அந்த ரயிலை நினைச்சிருப்பேன், தெரியுமா?"

"தெரியும். பக்கத்துல நான்தானே படுத்திருந்தேன்."

டேல் முதல் பாயின் பக்கம் போய் நின்றான். "டிரம்ஸ் என்னுது."

"தெரியும்," என்றாள் மார்சி. "கவுன் என்னுது."

"நம்ம கல்யாணத்துல நீ இதைப் போடலையே?"

"நம்ம கல்யாணத்துல போடல."

டேல் அதை ஜீரணிப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் மான் தலைக்கு உரிமை கோரியது. இன்னொன்று மீன்தொட்டிக்கு. சைக்கிளுக்கு இரண்டு பேர் வந்தார்கள்.

"அடப்பாவிங்களா!" என்றாள் ரோண்டா. "சங்கக் கூட்டத்துல யாராவது வாயைத் திறந்தீங்களா?" பிறகு வெண்டெலைப் பார்த்தாள். "நீங்களாவது சொல்லியிருக்கலாமே?"

வெண்டெல் அடுத்த டோனட்டை எடுத்துக்கொண்டார்.

வாசலில் லாரி வந்து நின்றது. டிரைவர் கையுறையை மாட்டிக்கொண்டே இறங்கினான்.

"வெண்டெல்னு ஒருத்தரோட குப்பையை அள்ளச் சொன்னாங்க. அவரோடது எது எதுன்னு காட்டுங்கம்மா."

ரோண்டா கராஜை ஒரு மூலை விடாமல் பார்த்தாள்.

"அவரோடது இங்க எதுவுமே இல்லப்பா," என்றாள்.