படத்தின் ஓரத்தில் ஒரு கை

பதக்கத்துக்காகக் குத்துச்சண்டை போட்டது போதும், இனி காசுக்குப் போடலாம் என்று வந்திருந்தாள் ஜெசிந்தா. புரமோட்டர் தனபாலன் ஒப்பந்தத்தை விரித்து வைத்து, பேனாவின் மூடியையும் தானே கழற்றிக் கொடுத்தார். அவளோ அவருக்குப் பின்னால் இருந்த சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுவர் நிறைய ஜெயித்தவர்களின் படங்கள். பெரிய படத்தில் நடுவர், ஜெயித்தவளின் கையை உயர்த்திப் பிடித்திருந்தார். அவருடைய மறு கை, கீழே வேறொரு மணிக்கட்டைப் பிடித்திருந்தது. அந்தக் கையுறையின் பட்டை அவிழ்ந்து தொங்கியது. அதற்கப்பால் படத்தை வெட்டிவிட்டிருந்தார்கள்.

“இந்தக் கை யாரோடது சார்?”

“அதுவா? தோத்த பொண்ணும்மா.”

“அவளும் உங்க ஆள்தானா?”

“ரெண்டு பேருமே நம்ம பொண்ணுங்கதான். மேட்ச்சே நாமதானே நடத்துறோம்.”

“அவ பேரு?”

தனபாலன் நெற்றியைத் தடவினார். “ம்ஹூம், ஞாபகம் வரமாட்டேங்குது. ஜெயிக்க வந்த பொண்ணு நீ, தோத்தவ பேரு உனக்கு எதுக்கு?”

ஜெசிந்தா பேனாவை மூடி ஒப்பந்தத்தின் மேல் வைத்தாள்.

“உங்களைப் பத்தி அவகிட்டதான் சார் விசாரிக்கணும். பேரைக் கண்டுபிடிச்சு வைங்க, வரேன்.”