முதலில் பட்ட பந்து

“ஃபவுல்! ஃபவுல்! வெள்ளைப் பந்து முதல்ல எங்க பந்துலதான் பட்டுச்சு!”

எதிரணித் தலைவி பேக்கரிக்கார அம்மா நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

“அங்க உக்காந்துக்கிட்டு இங்க என்ன பட்டுச்சுன்னு உங்களுக்கு எப்படிம்மா தெரியும்? எங்க அண்ணன் சுத்தமாத்தான் அடிச்சார்!” என்று இந்தப் பக்கத்திலிருந்து பெயிண்டர் பாய்ந்தார்.

அடித்தவரான லிஃப்ட் மெக்கானிக், ஸ்டிக்கைப் பிடித்தபடி அப்படியே நின்றார். அவருக்குத் தெரியும். முழு நிறப் பந்துகள் அவருடையவை; கோடு போட்டவை எதிராளியுடையவை. தன் பந்தைத்தான் முதலில் தொட வேண்டும். இரண்டும் ஒட்டினாற்போல் கிடந்ததில் ஒரு நூல் தப்பிவிட்டது. வெள்ளைப் பந்து கோட்டுப் பந்தை உரசிவிட்டுத்தான் அவருடையதைப் பாக்கெட்டில் தள்ளியது.

பூல் பில்லியர்ட்ஸ் லீக்கின் கடைசி ஆட்டம். ஜெயிக்கிறவர் அணிக்குக் கோப்பை.

“நீங்க சொல்லுங்க சார். ஆடறது நீங்க, உங்க வாயாலதான் வரணும்,” என்று தன் ஆளைப் பார்த்துக் கேட்டார் பேக்கரிக்கார அம்மா.

அந்த ஆள் ஆஸ்பத்திரி லேப்பில் வேலை பார்ப்பவர். லீக்கில் அவருக்கு ‘ரூல்ஸ்’ என்றுதான் பெயர். சட்டைக் கை பந்தில் லேசாக உரசினாலும் விடமாட்டார். இப்படிப் பந்துகள் நெருங்கிக் கிடந்தால், அடிப்பதற்கு முன்பே கையை நீட்டித் தடுத்து, “இருங்க, பொது ஆள் ஒருத்தர் பக்கத்துல நின்னு பார்க்கட்டும்” என்பார். போன மாதம் சொந்த மச்சானுக்கே ஃபவுல் கொடுத்ததில், இன்னும் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

இன்று அவர் யாரையும் கூப்பிடவில்லை.

“தீர்ப்பு அடிச்சவர் பக்கம்தான். ஆடட்டும் விடுங்க,” என்றார், தரையைப் பார்த்தபடி.

பேக்கரிக்கார அம்மா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். பெயிண்டர் கைதட்டினார். மெக்கானிக் மட்டும் ரூல்ஸையே பார்த்தார்.

மெக்கானிக்கின் கழுத்துக் கட்டியிலிருந்து ஊசி போட்டு எடுத்த துணுக்கு, மூன்று நாளாக இந்த மனிதர் வேலை பார்க்கும் லேப்பில்தான் இருந்தது. புற்றா இல்லையா என்ற முடிவைத் திங்கட்கிழமை டாக்டர் சொல்வார். இன்று சனிக்கிழமை. ரூல்ஸ் நேரே லேப்பிலிருந்துதான் வந்திருக்கிறார். வந்ததிலிருந்து முகம் கொடுத்து ஒரு வார்த்தை பேசவில்லை.

‘என் ரிப்போர்ட்டைப் பார்த்துட்டார். போற ஆளு, ஜெயிச்சுட்டுப் போகட்டும்னு விடறார்.’

“ஆடுங்கண்ணே! ஏன் மரம் மாதிரி நிக்கிறீங்க?” என்று பெயிண்டர் விரட்டினார்.

மெக்கானிக் குனிந்தார். ஸ்டிக்கை நீட்டினார், பின்னுக்கு இழுத்தார். இருபது மாடி உயரத்தில் ஒற்றைக் கயிற்றை நம்பி வேலை பார்த்தபோதுகூட இப்படித் தயங்கியதில்லை. அந்தச் சலுகையை வாங்கிக்கொண்டால், வரப்போகிற சேதியையும் சேர்த்து வாங்கிக்கொள்வது போலிருந்தது. நிமிர்ந்தார். வெள்ளைப் பந்தை எடுத்து ரூல்ஸின் கையில் திணித்தார்.

“ஃபவுல்தான். நானே பார்த்தேன். எங்க வேணுமோ வெச்சு ஆடுங்க.”

“போச்சு!” என்று பெயிண்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

ரூல்ஸின் பந்து ஒன்று பாக்கெட்டின் விளிம்பிலேயே கிடந்தது. பச்சைப் பிள்ளைகூடத் தள்ளிவிடும். அவர் வெள்ளைப் பந்தை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். அடித்தார். விளிம்பில் இருந்த பந்து ஆடக்கூட இல்லை. வெள்ளை அதைத் தொடாமலே தாண்டிப் போனது.

‘இதையும் வேணும்னே விட்டார்.’ அதற்கு மேல் மெக்கானிக்கால் தாங்க முடியவில்லை. “ஒரு நிமிஷம்,” என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு, ரூல்ஸின் முழங்கையைப் பிடித்து மூலைக்கு இழுத்துப் போனார்.

“சார், சுத்தி வளைக்க வேணாம். என் ரிப்போர்ட் வந்துடுச்சுல்ல?”

“அது… டாக்டர்தான் சொல்லணும். நான் சொல்லக் கூடாது.”

“ரூல்ஸ் பேசற நேரமா சார் இது? எத்தனை நாள்னு மட்டும் சொல்லிடுங்க. வீட்ல சுளுக்குன்னு சொல்லி வெச்சிருக்கேன். பொண்ணு தினமும் தைலம் தேய்ச்சு விடறா. அவகிட்ட எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுச் சொல்லுவேன்?”

ரூல்ஸ் அவரை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்ப்பது போலப் பார்த்தார்.

“அய்யோ, உங்களுக்கு ஒண்ணுமே இல்லைங்க. வெறும் கொழுப்புக் கட்டி. நூறு வயசு இருப்பீங்க.”

மெக்கானிக் சுவரில் சாய்ந்துகொண்டார். சிரிப்பும் அழுகையும் முட்டிக்கொண்டு வந்தன. பின்னாலேயே கோபமும் வந்தது.

“அப்புறம் எதுக்கு சார் எனக்கு விட்டுக் கொடுத்தீங்க? எனக்குப் பாதி உயிர் போயிடுச்சே!”

“விட்டெல்லாம் கொடுக்கலை. நீங்க அடிச்சதை நான் பார்க்கவே இல்லை. பார்க்காத ஃபவுலைச் சொல்லக் கூடாது. சந்தேகம்னா அடிச்சவர் பக்கம்தான்.”

“நீங்களா? பார்க்கலையா? டேபிளை விட்டு உங்க கண்ணு நகர்ந்து நாங்க யாருமே பார்த்ததில்லையே சார்!”

ரூல்ஸ் சிரிக்க முயன்றார்.

“உங்க ரிப்போர்ட்டோட இன்னைக்கு மத்தியானம் இன்னொண்ணும் வந்துச்சுங்க. அதுல என் பேரு இருந்துச்சு.”