ஹார்டு டிஸ்க்கின் இரைச்சல்

"அந்தக் கரகரச் சத்தம் தூங்கவே விடலப்பா" என்று காய்ச்சலில் கிடந்த சிசாங்கா சொன்னபோதெல்லாம், நாளைக்குப் பார்க்கலாம் என்றே கபெம்ப்வா தள்ளிப்போட்டார். என்டோலா கல்லறையில் மகளைப் புதைத்து மூன்று வாரம் கழிந்த ஒரு மதியம், பழைய சைக்கிள் டியூபைக் கீற்றுகளாக நறுக்கி, கணினிப் பெட்டிக்குள் ஹார்டு டிஸ்க்கை எதிலும் இடிக்காமல் தொங்கவிட்டுக் கட்டினார்.

"இப்ப எதுக்கு இது, சிசாங்கா அப்பா? சத்தம்னு சொல்ல யாரு இருக்கா?" என்றாள் சோளக் களி கிளறிக்கொண்டிருந்த மனைவி முசோண்டா.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து கணினியைப் போட்டார். திரை ஒளிர்ந்தது. துளிச் சத்தம் இல்லை.

மகளின் பூட்டிய அறைக்குள் கட்டில் கிரீச்சிட்டது. யாரோ புரண்டு படுத்தார்கள். பிறகு சீரான மூச்சு கேட்டது.

முசோண்டா கரண்டியை ஓசையின்றி வைத்துவிட்டு வந்து, எழப்போனவரின் தோளை அழுத்தினாள்.

"எந்திரிக்காதீங்க," என்றாள் காதோரமாக. "நாற்காலி சத்தம் போடும்."