முதல் ஆமென்

தலைமையாசிரியை சிஸ்டரின் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள் அந்தத் தாய்.

“என் பொண்ணு யூனிஃபார்மைப் பார்த்தாலே வாந்தி எடுக்கிறா சிஸ்டர். ஸ்கூலுக்கு அனுப்பினா செத்துடுவேங்கிறா.”

“யாராவது அடிச்சாங்களா?”

“இல்லை.”

“கெட்ட வார்த்தை?”

“எல்லாம் நல்ல வார்த்தைதான் சிஸ்டர்.”

“மொட்டைத்தாத்தா குட்டையில விழுந்தான்னு விவரமில்லாம சொன்னா எப்படிம்மா?”

பதிலுக்கு முன் கண்ணீர் முந்திக்கொண்டது. சிஸ்டர் இளகினார்.

“அழாதீங்க. தினமும் அசெம்பிளியில பிள்ளைங்க அவளுக்காக மைக்குல ஜெபிக்கிறாங்களே, நாளையிலிருந்து இன்னும் உருக்கமா ஜெபிக்கச் சொல்றேன்.”

தாய் சட்டென்று அவர் காலில் விழுந்தாள்.

“ஐயோ, அதை நிறுத்தச் சொல்லத்தான் வந்தேன்! ‘ஆண்டவரே, எங்க தோழியோட திக்குவாயைச் சரியாக்கும்’னு அவளை முன்னால நிறுத்தி, சிரிப்பை அடக்கிக்கிட்டுச் சொல்றாங்க. நீங்க கண்ணை மூடிக்கிட்டு முதல் ஆமென் சொல்றீங்க சிஸ்டர்!”