கூட இருக்க ஆள்

"இன்னியோட தொண்ணூறு நாள் ஆவுதுங்க. அண்ணாமலை வீடுதானே?" என்றாள் ஓவியா.

போனின் மறுமுனையில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பெண் குரல், "யாரு? கொஞ்சம் சத்தமா பேசும்மா" என்றது.

"ஆஸ்பத்திரியில இருந்து பேசறேங்க. தொடை வழியா ட்யூப் விட்டு மூளையில இருந்த ரத்தக்கட்டிய எடுத்தோமே, இப்ப எப்படி இருக்குன்னு கேக்கத்தான்."

"ஆஸ்பத்திரியா? இரும்மா, பால் பொங்குது."

ஓவியா கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து மணிக்குள் முடித்தாக வேண்டும். பக்கவாதம் வந்து கட்டி எடுத்தவர்களை இரண்டு வாரம் இலவசமாகத் தங்க வைத்துக் கை கால் பயிற்சி கொடுக்கும் திட்டம். எட்டுப் படுக்கை. ஏழு நிரம்பிவிட்டன. ஏழும் ஆண்கள்.

டாக்டர் அறிவுமதி காலையிலேயே கேட்டுவிட்டார். "கட்டிய எடுத்ததும் ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் ஒரே மாதிரிதான் திரும்ப ரத்தம் ஓடுது. மூணு மாசம் கழிச்சுப் பாத்தா நம்மகிட்ட வந்த பொம்பளைங்க பின்தங்கி நிக்கறாங்க. பயிற்சிக்கும் வரமாட்டேங்கறாங்க. ஏன் ஓவியா?"

ஓவியா பெண்கள் எல்லோருக்கும் போன் செய்து பார்த்துவிட்டாள். பாதிப் பேர் எடுக்கவில்லை. எடுத்தவர்கள் 'பாக்கலாம்மா' என்றார்கள். எட்டாவது படுக்கைக்கு மிச்சமிருந்த பெயர் அண்ணாமலை. ஊர், கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலை.

"வந்துட்டேன், சொல்லும்மா. இன்னிக்குப் பௌர்ணமியாச்சே, நம்ம இட்லிக் கடையில கூட்டம் வந்துடும்."

"அய்யா நல்லா இருக்காருங்களா?"

"அவருக்கென்ன? நல்லா இருக்காரு."

"சாப்பாடெல்லாம்?"

"மூணு வேளையும் ஆவுது. உப்பு கம்மின்னா தட்டு பறக்கும்."

ஓவியாவுக்குச் சிரிப்பு வந்தது. "தனியா நடக்கறாருங்களா?"

"போன பௌர்ணமிக்கு கிரிவலமே சுத்திட்டு வந்தாரே."

"பதினாலு கிலோமீட்டருமா?"

"நடுவுல ரெண்டு தபா டீ குடிச்சிருப்பாரு."

பின்னாலிருந்து ஓர் ஆண் குரல் கேட்டது. "யாருடி போன்ல? காபி என்னாச்சு?"

"பேச்சு கூட தெளிவா இருக்கே" என்றாள் ஓவியா.

"அதுல ஒண்ணும் கொறச்சல் இல்ல."

இவருக்குப் பயிற்சி எதற்கு? ஓவியாவின் விரல் மவுஸின் மேல் போனது. "ரொம்ப சந்தோஷங்க. அப்ப பயிற்சி தேவைப்படாது. பேரை எடுத்துடறேன்."

கிரைண்டர் நின்றது. "என்னா பயிற்சி?"

ஓவியா விவரம் சொன்னாள். இரண்டு வாரம், செலவில்லை, ஒரே ஒரு படுக்கைதான் மிச்சம்.

"எடுத்துடாத கண்ணு. கை வரல."

"கையா?"

"சோத்துக் கை. டம்ளரைப் புடிச்சா நிக்கறதில்ல. தூக்கினா பாதியிலயே நின்னுடுது. ராவானா தோள்பட்டை இழுக்குது, தூக்கம் இல்ல."

"இத ஏங்க மொதல்லயே சொல்லல?"

"நீ கேக்கலியேம்மா."

ஓவியாவுக்கு லேசாகக் கோபம் வந்தது. "தினம் ரெண்டு வேளை கைப் பயிற்சி செய்யணும்னு சொல்லித்தானே அனுப்பினோம்?"

"நேரம் எங்க இருக்குது?"

"வீட்டுல சும்மா இருக்கறவருக்கு நேரம் இல்லீங்களா?"

"சும்மா இருக்கறவங்களுக்கு இருக்கும்."

"அப்படி விடக்கூடாதுங்க. நீங்கதான் பக்கத்துல உக்காந்து செய்ய வைக்கணும். பாரம் தூக்க விடாதீங்க. அவரோட வேலைய நீங்க எடுத்துக்கங்க. அந்த நேரத்துல அவரு கைக்குப் பயிற்சி குடுக்கட்டும். இன்னும் நாள் போச்சுன்னா கை திரும்பறது கஷ்டம்."

மறுமுனையில் ஏதோ பாத்திரம் கீழே விழும் சத்தம் கேட்டது.

"லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். இதையெல்லாம் யாரும் இங்க சொல்லலியேம்மா."

"இப்ப நான் சொல்றேன்ல. நாளைக்குக் காலையில வந்துடுங்க. ஒண்ணு மட்டும், கூட இருக்க ஆள் வேணும். ஆள் இல்லன்னா படுக்கை குடுக்கமாட்டாங்க."

"ஆளா?"

"குளிக்க வைக்க, சாப்பிட வைக்க, ராத்திரி புடிச்சு எழுப்ப."

"மவன் பெங்களூர்ல இருக்கான். மருமவளுக்குக் கைக்கொழந்த."

"இவ்ளோ நாளா அவரைப் பாத்துக்கறது யாருங்க?"

"நான்தான்."

"அப்ப நீங்களே வாங்க. கூட இருக்கறவங்களுக்கும் சாப்பாடு உண்டு."

"அது எப்படிம்மா முடியும்?"

மணி ஐந்தாக ஐந்து நிமிடம் இருந்தது. "ரெண்டு வாரம் கடைய மூடினா என்னாங்க ஆயிடும்? அவரு கைய விட கடையா பெருசு?"

"ஏய், காபி கேட்டேன்ல" என்றது ஆண் குரல், இன்னும் பக்கத்தில்.

"தோ, வரேன்." பிறகு அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அவரு கைக்கு ஒண்ணும் இல்லம்மா. நீங்கதான் பேரைத் தப்பா எழுதி வச்சிருக்கீங்க. அண்ணாமலை இல்ல, உண்ணாமலை. கட்டி எடுத்தது எனக்கு. எனக்குக் கூட இருக்க ஆளா நானே வந்தா சேத்துப்பாங்களா?"