ஃபாரின் இல்லை, ஃபொரேங்!

"ஃபாரின் இல்லை கிளைவ், ஃபொரேங்! கடைசி எழுத்து பாதி மூக்குக்குள்ளேயே நிக்கணும். எத்தனை தடவை சொல்றது?"

சனிக்கிழமைச் சந்தைக் கமிட்டியின் தலைவர் ரோடரிக் ஃபொரேங் எரிந்து விழுந்தார்.

"ஜலதோஷம் பிடிச்சாத்தான் எனக்கு அது வரும், தலைவரே," என்றார் கறிக்கடை கிளைவ்.

கமிட்டிச் செயலாளர் க்வெண்டா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். இங்கிலாந்தின் அந்த டெவன் ஊரில் அவர் பெயர் ஒருத்தர் வாயிலும் நுழையாது. எழுத்தைப் பார்த்து இங்கிலீஷில் படித்தால் 'ஃபாரின்' என்றுதான் வரும். வெளியூர்க்காரர்களைக் கண்டாலே ஆகாத மனுஷனுக்கு இப்படியொரு பெயர்!

தபால்காரர் முதல் பாதிரியார் வரை அவர் திருத்தாத ஆள் கிடையாது. பல் பிடுங்கப் போன இடத்தில், வாய் நிறையப் பஞ்சை வைத்துக்கொண்டே நர்ஸைத் திருத்தினாராம்.

"அந்தக் காலத்துல பிரான்ஸ்லேர்ந்து ராஜாவோட கப்பல்ல வந்து இறங்கின பரம்பரைய்யா எங்களுது. பேருக்கே 'கோட்டைக் காவலன்'னு அர்த்தம்!" என்பார். யார் சொன்னது என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

அன்றைக்குக் கடை போட இடம் கேட்டு வந்திருந்தவள் அஃபுவே. மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட்காரி. இதே ஊர் ஜாம் ஃபேக்டரியில் வேலை பார்த்தவள். ஃபேக்டரியை மூடிவிட்டார்கள். சந்தையில் வாழைப்பழ வறுவல் போட்டுப் பிழைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். இதுவும் இல்லையென்றால் பிள்ளைகளின் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு வேறு ஊர் பார்க்க வேண்டியதுதான்.

மேஜைமேல் இருந்த பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு, "வணக்கம், மிஸ்டர் ஃபொரேங்," என்றாள்.

தலைவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"கேட்டீங்களா? எல்லாரும் கேட்டீங்களா? இதான்யா உச்சரிப்பு! எங்கேம்மா கத்துக்கிட்டே?"

"எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல எல்லாமே பிரெஞ்சுதான், சார்."

"பேஷ்! ஆனா இடம் கிடையாதும்மா. இந்தச் சந்தை உள்ளூர்க்காரங்களுக்கு. இன்னிக்கு உனக்குக் குடுத்தா, நாளைக்கு ஊர் உலகமே வந்து வரிசையில நிக்கும்."

அஃபுவேயின் முகம் சுண்டிப்போயிற்று. பையை எடுத்துக்கொண்டாள். க்வெண்டா மனசுக்குள் திட்டினாள். பாவி மனுஷன், இவனுக்கு என்ன குறைந்துவிடப் போகிறது?

"இரு, இரு," என்று தலைவரே அவளைத் தடுத்தார். "வந்தது வந்தே, என் பேருக்கு என்ன அர்த்தம்னு இவங்களுக்குச் சொல்லிட்டுப் போ. நான் சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டேங்கிறாங்க."

அஃபுவே தயங்கினாள்.

"வேணாம், சார்."

"கூச்சப்படாம சொல்லும்மா! நல்லா சத்தமா!"

"வெளியூர்லேர்ந்து வந்து சந்தையில கடை போடுறவங்க இருக்காங்க இல்லையா, சார்... அவங்களை நாங்க 'ஃபொரேங்'னுதான் சொல்லுவோம்."

கிளைவுக்குக் குடித்த டீ புரையேறியது. கமிட்டி மொத்தமும் விழுந்து விழுந்து சிரித்தது.

தலைவரின் முகம் பீட்ரூட்டாகிவிட்டது.

"அது... அது பிரெஞ்சுல சொன்னாத்தானே! நான் அசல் இங்கிலீஷ்காரன்யா! இனிமே யாரும் மூக்கால பேச வேண்டாம். எழுதியிருக்கிறபடி இங்கிலீஷ்லயே சொல்லுங்க. என் பேரு ஃபாரின்!"

"ஆகட்டும், மிஸ்டர் ஃபாரின்," என்றாள் க்வெண்டா. "ஓட்டுக்கு விட்டுடலாம். ஃபாரின்காரங்களுக்கு இங்கே இடம் கிடையாதுன்னு சொல்றவங்க கையைத் தூக்குங்க."

ஒரே ஒரு கைதான் மேலே போனது. மிஸ்டர் ஃபாரினுடையது.